சமையலறைக் கத்திக்கு வீட்டிலேயே கூர் ஏற்றுதல்: எந்தக் கருவி, எந்த வேலைக்கு

பழுத்த தக்காளியின் தோலில் இறங்காமல் கத்தி வழுக்கினாலோ, கொத்தமல்லித் தழை நறுக்கப்படாமல் நசுங்கிக் கறுத்தாலோ, கத்தி மழுங்கிவிட்டது என்று பொருள். மழுங்கிய கத்தியை அழுத்தியே வெட்ட வேண்டியிருப்பதால், அது காயிலிருந்து விலகி விரலில் பாயும் வாய்ப்பும் கூடிவிடுகிறது. இதற்கென்று கடைகளில் கல், கோல், உருளை, மின் இயந்திரம் எனப் பல கருவிகள் விற்கப்படுகின்றன. பெரும்பாலான வீடுகளுக்கு இவற்றில் இரண்டே போதும்: இருபக்கமும் பயன்படும் ஒரு தீட்டுக்கல், அதற்குத் துணையாக எஃகாலோ பீங்கானாலோ ஆன ஒரு தீட்டுகோல். மற்றவை எப்போது தேவைப்படும், எதைத் தவிர்ப்பது நல்லது என்பதை அறிய, கத்தி எப்படி மழுங்குகிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

கத்தியின் விளிம்பு, இரு சரிவுகள் சந்திக்கும் மிக மெல்லிய கோடு. அந்தக் கோடு இரண்டு விதமாகக் கெடுகிறது. பலகையில் மீண்டும் மீண்டும் மோதுவதால் விளிம்பு ஒரு பக்கமாக மடிந்துவிடுவது ஒன்று. இதில் உலோகம் எங்கும் போய்விடவில்லை, திசைதான் மாறியிருக்கிறது. விளிம்பு தேய்ந்து உருண்டுவிடுவதும், நுண்ணிய சில்லுகளாகப் பெயர்ந்துவிடுவதும் மற்றொன்று. இதில் உலோகம் உண்மையிலேயே குறைந்துவிட்டது. மடிந்த விளிம்பை நிமிர்த்தக் கோல் போதும். தேய்ந்த விளிம்புக்குக் கல்லில் உரசிப் புதிய சரிவுகளை உண்டாக்குவதைத் தவிர வேறு வழி இல்லை. கோலில் எவ்வளவு தேய்த்தும் கூர் வரவில்லை என்று பலர் சலித்துக்கொள்வதற்குக் காரணம், கல்லின் வேலையைக் கோலிடம் எதிர்பார்ப்பதே.

மென்மையான பொருளை மட்டும் வெட்டும் கத்தி ஏன் மழுங்குகிறது என்ற கேள்வி எழலாம். அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் 2020இல் ‘சயன்ஸ்’ இதழில் வெளியிட்ட ஆய்வில், எஃகைவிடப் பல மடங்கு மென்மையான முடியைச் சிரைக்கும்போதே சவர அலகின் விளிம்பில் சில்லுகள் பெயர்வதைக் காட்டினார்கள். முடி வளைந்து, விளிம்பின் மீது ஒரு கோணத்தில் சாயும்போதுதான் அந்தச் சேதம் நேர்கிறது. சமையலறையிலும் பக்கவாட்டில் கொடுக்கும் அழுத்தமே விளிம்புக்குப் பெரிய எதிரி. நறுக்கிய காயைக் கத்தியின் கூர்ப்பக்கத்தால் பலகையிலிருந்து வழித்தெடுக்கும் பழக்கம் அதனால்தான் கத்தியைக் கெடுக்கிறது. கத்தியைத் திருப்பி முதுகுப் பக்கத்தால் வழித்தால் இந்தத் தொல்லை இல்லை.

மழுங்கலைக் கண்டறிவது எளிது. கூர்ப்பக்கம் மேலே இருக்கும்படி கத்தியை விளக்கின் கீழ் பிடித்து, மெல்லச் சாய்த்துப் பாருங்கள். கூரான விளிம்பு ஒளியைத் திருப்பி அனுப்பாது. எங்கெல்லாம் வெண்மையான கோடோ புள்ளியோ மின்னுகிறதோ அங்கெல்லாம் விளிம்பு உருண்டிருக்கிறது அல்லது உடைந்திருக்கிறது.

கல்லைத் தேர்ந்தெடுத்தல்

எஃகைத் தேய்க்க வேண்டுமானால் கல்லில் உள்ள மணிகள் எஃகைவிடக் கடினமாக இருக்க வேண்டும். வீட்டில் கைக்கு அகப்படும் கற்களின் தரத்தை இந்த ஒரு விதியே சொல்லிவிடும். சமையல் மேடையில் பதித்த கடப்பைக் கல் சுண்ணாம்புக் கல் வகையைச் சேர்ந்தது. கனிமங்களின் கடினத்தன்மையை 1 முதல் 10 வரை குறிக்கும் மோ அளவுகோலில் அது 3 அளவில் இருப்பதால், அதில் கத்தியைத் தேய்த்துப் பெரிய பயன் இல்லை. அம்மியும் வாசற்படிக் கருங்கல்லும் குவார்ட்சு மணிகளைக் கொண்டவை. குவார்ட்சின் கடினத்தன்மை 7 என்பதால் அவை எஃகைத் தேய்க்கும். ஆனால் மணிகள் பெரிதும் சிறிதுமாகக் கலந்திருப்பதால் விளிம்பில் ஆழமான கீறல்கள் விழும். பீங்கான் கோப்பையைக் கவிழ்த்தால் அடியில் மெருகு பூசப்படாத ஒரு வளையம் தெரியும். அவசரத்துக்கு உரசிக்கொள்ள இந்த மூன்றில் அதுவே சிறந்தது.

கடையில் வாங்கும் கற்களில் நம் ஊரில் எளிதாகக் கிடைப்பது, தச்சர்கள் உளி தீட்டப் பயன்படுத்தும் சாம்பல் அல்லது கறுப்பு நிறக் கார்போரண்டம் கல். இது சிலிக்கன் கார்பைடு என்னும் செயற்கைப் பொருளால் ஆனது. அமெரிக்கரான எட்வர்டு அச்செசன் 1891இல் செயற்கை வைரம் செய்ய முயன்றபோது அகப்பட்ட பொருள் இது. கடினத்தன்மையில் வைரத்துக்குச் சற்றே கீழே நிற்கிறது. சென்னையில் 1954இல் முருகப்பா குழுமத்தினர் வெளிநாட்டு நிறுவனங்களுடன் சேர்ந்து தொடங்கிய கார்போரண்டம் யுனிவர்சல் நிறுவனத்தால், இந்தக் கல்லின் பெயர் இங்குள்ள பட்டறைகளுக்கு நன்கு பழகிவிட்டது. இருநூறு மில்லிமீட்டர் நீளமும் ஐம்பது மில்லிமீட்டர் அகலமும் கொண்ட, ஒரு பக்கம் கரடாகவும் மறுபக்கம் மென்மையாகவும் உள்ள கல்லை வாங்கினால் சாதாரணக் கத்திகளுக்குப் பல ஆண்டுகள் உழைக்கும். இதைவிடக் குட்டையான கல்லை மலிவு என்று வாங்க வேண்டாம். கத்தியை முழு நீளத்துக்கு ஓட்ட இடமில்லாத கல்லில் கோணத்தை நிலையாக வைத்திருக்க முடியாது.

சற்றுக் கூடுதலாகச் செலவிட முடிந்தவர்கள் ஜப்பானிய முறையில் செய்யப்பட்ட நீர்க்கல்லை வாங்கலாம். இதில் மணிகளை இணைக்கும் பிணைப்பு மென்மையானது. தேய்க்கத் தேய்க்கப் பழைய மணிகள் உதிர்ந்து புதிய மணிகள் வெளிப்படுவதால், கல் விரைவாகவும் சீராகவும் வெட்டுகிறது. அதே காரணத்தால் கல்லும் விரைவாகத் தேய்ந்து நடுவில் குழி விழுகிறது. கற்களின் மீது குறிக்கப்பட்டிருக்கும் எண் மணிகளின் நுண்மையைக் குறிக்கும். எண் கூடக்கூட மணி சிறிதாகும். 220 முதல் 400 வரையிலான கல், உடைந்த விளிம்பைச் சீராக்குவதற்கு உரியது. 800 முதல் 1000 வரையிலானது அன்றாடக் கூர் ஏற்றும் கல். 3000க்கு மேற்பட்டவை மெருகேற்றுவதற்கானவை. ஒரே ஒரு கல்தான் வாங்க முடியும் என்றால் 1000 எண் கல்லையும், இருபக்கக் கல் என்றால் ஒரு பக்கம் 400, மறுபக்கம் 1000 உள்ளதையும் வாங்குங்கள். எட்டாயிரம், பத்தாயிரம் என்று எண்ணைத் துரத்திக்கொண்டு போவது காய்கறிக் கத்திக்குத் தேவையற்றது. அளவு மீறி மெருகேறிய விளிம்பு தக்காளித் தோலைப் பற்றாமல் வழுக்குவதும் உண்டு. உப்புத்தாளின் எண்ணும் கல்லின் எண்ணும் வெவ்வேறு தரநிர்ணயங்களைச் சேர்ந்தவை என்பதால் இரண்டையும் ஒப்பிட்டுக் குழம்ப வேண்டாம்.

எஃகுத் தகட்டின் மீது வைரத்துகள் பதித்த பலகைகளும் இப்போது கிடைக்கின்றன. இவை குழி விழாதவை, ஊறவைக்கவும் தேவையில்லை. கடினமான எஃகையும் வெண்ணிறப் பீங்கான் கத்தியையும் தேய்க்க வல்லவை. பீங்கான் கத்திக்கு இதைத் தவிர வேறு கருவி பெரும்பாலும் பயன்படாது. ஆனால் அழுத்தித் தேய்த்தால் வைரத்துகள்கள் பெயர்ந்துவிடும் என்பதால் கை இலேசாக இருக்க வேண்டும்.

நீரா, எண்ணெயா

கார்போரண்டம் கல்லுக்கு இரண்டும் பொருந்தும். தேய்ந்து வரும் இரும்புத் துகள் கல்லின் துளைகளை அடைக்காமல் மிதக்கச் செய்வதே அவற்றின் வேலை. சமையலறைக்கு நீரே ஏற்றது. பாத்திரம் கழுவும் திரவத்தில் ஒரு சொட்டுக் கலந்துகொண்டால் நீர் கல்லின் மீது நன்றாகப் பரவும். எண்ணெய்தான் வேண்டும் என்றால் தையல் இயந்திரத்துக்கு விடும் மெல்லிய எண்ணெயைப் பயன்படுத்தி, பிறகு கத்தியைச் சோப்பிட்டுக் கழுவுங்கள். நல்லெண்ணெய் நாளடைவில் பிசுபிசுத்துப் பிசின்போல் ஆகிவிடும். தேங்காய் எண்ணெய் குளிர்காலத்தில் உறைந்து துளைகளை அடைத்துக்கொள்ளும். ஒருமுறை எண்ணெய் ஊறிய கல்லில் பிறகு நீர் சரியாக நிற்காது. ஆகவே தொடக்கத்திலேயே ஒன்றை முடிவு செய்து அதிலேயே நிலைத்திருங்கள். நீர்க்கல்லில் எண்ணெயை எந்நாளும் விடக்கூடாது. அதைப் பயன்படுத்தும் முன், குமிழி வருவது நிற்கும் வரை, ஏறக்குறைய பத்து நிமிடம், நீரில் மூழ்க வைக்க வேண்டும். ஊறவைக்கத் தேவையில்லை என்று குறிப்பிட்டு விற்கப்படும் கற்களுக்கு மேலே நீர் தெளித்தாலே போதும்.

கோணம்

கூர் ஏற்றுவதில் திறமை என்று சொல்லப்படுவது, பெரும்பாலும் ஒரே கோணத்தை விடாமல் வைத்திருக்கும் பொறுமைதான். ஐரோப்பிய வகைக் கத்திகளும் நம் கடைகளில் கிடைக்கும் சாதாரணக் கத்திகளும் எஃகின் கடினத்தன்மையைக் குறிக்கும் ராக்வெல் அளவில் 52 முதல் 58 வரையிலான, ஓரளவு மென்மையான எஃகால் ஆனவை. அவற்றுக்குப் பக்கத்துக்கு 20 டிகிரி பொருந்தும். ஜப்பானியக் கத்திகளில் பல 60க்கும் மேற்பட்ட கடினத்தன்மை கொண்டவை என்பதால் 15 டிகிரியையும் தாங்கும். மென்மையான எஃகை 15 டிகிரிக்குத் தீட்டினால் முதல் நாள் மிகக் கூராக இருந்து, விரைவில் விளிம்பு மடிந்துவிடும். ஜப்பானியக் கத்திகளில் ஒரு பக்கம் மட்டும் சரிவுள்ள வகைகளும் உண்டு. அவற்றின் தட்டைப் பக்கத்தைச் சாய்த்துத் தேய்க்கவே கூடாது.

கோணத்தை அளக்கக் கருவி எதுவும் வாங்க வேண்டியதில்லை. தடித்த அட்டையில், அடிப்பக்கம் 100 மில்லிமீட்டரும் உயரம் 36 மில்லிமீட்டரும் உள்ள செங்கோண முக்கோணம் ஒன்றை வெட்டிக்கொண்டால் அதன் சாய்வு 20 டிகிரி. உயரத்தை 27 மில்லிமீட்டராகக் குறைத்தால் 15 டிகிரி. கல்லின் மீது அட்டையை நிறுத்தி, கத்தியை அதில் சாய்த்துக் கைக்குப் பழக்கப்படுத்திக்கொண்டு, பிறகு அட்டையை எடுத்துவிடுங்கள். கணக்காகவே பார்க்க விரும்பினால், 45 மில்லிமீட்டர் அகலமுள்ள கத்தியின் முதுகு கல்லிலிருந்து ஏறக்குறைய 15 மில்லிமீட்டர் உயரத்தில் இருந்தால் அது 20 டிகிரி. அகலம் குறைந்த சிறு கத்திக்கு இந்த உயரமும் அதே விகிதத்தில் குறையும்.

கத்தியின் சரிவு முழுவதும் மார்க்கர் பேனாவால் மை பூசி, கல்லில் நான்கைந்து முறை தேய்த்துப் பார்ப்பது இன்னும் நம்பகமான வழி. விளிம்பை ஒட்டி மை அப்படியே இருந்தால் கத்தியை அதிகம் படுக்க வைத்திருக்கிறீர்கள். விளிம்பில் மட்டும் அழிந்திருந்தால் அதிகம் நிமிர்த்திவிட்டீர்கள். சரிவு முழுவதும் சீராக அழிந்தால் கோணம் சரி. தொடக்கத்தில் இதை அடிக்கடி செய்து பார்ப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

தேய்க்கும் முறை

ஈரத் துணியை மடித்துச் சமையல் மேடையில் விரித்து, அதன் மீது கல்லை வையுங்கள். கல் துளியும் நகரக்கூடாது. வெளிச்சம் நன்றாக இருக்க வேண்டும். சிறு குழந்தைகள் சமையலறைக்குள் ஓடிவராத நேரமாகவும் இருக்கட்டும். மிக மழுங்கிய கத்தி என்றால் கரடான பக்கத்தில் தொடங்குங்கள். ஓரளவு கூர் மிச்சமிருந்தால் மென்மையான பக்கமே போதும்.

வலக்கையில் பிடியைப் பற்றி, கூர்ப்பக்கம் உங்களை நோக்கி இருக்குமாறு கத்தியைக் கல்லின் மீது சாய்த்து வையுங்கள். இடக்கையின் இரண்டு அல்லது மூன்று விரல் நுனிகளை, தேய்க்க வேண்டிய இடத்துக்கு நேர் மேலே, விளிம்பிலிருந்து சற்றுத் தள்ளி அலகின் மீது பதியுங்கள். கத்தியை உங்களிடமிருந்து அப்பால் தள்ளும்போது மிதமான அழுத்தம் கொடுத்து, திரும்பி இழுக்கும்போது அழுத்தத்தை எடுத்துவிட வேண்டும். பிடியை ஒட்டிய பகுதியில் தொடங்கி, விரல்களைச் சிறிது சிறிதாக நகர்த்திக்கொண்டே முனை வரை செல்லுங்கள். முனைக்கு அருகில் அலகு வளையும் இடத்தில் பிடியைச் சற்று உயர்த்தினால்தான் அந்தப் பகுதி கல்லில் படியும். இதைச் செய்யாததால்தான் பல வீட்டுக் கத்திகளின் முனை மட்டும் மழுங்கியே கிடக்கிறது. தேய்க்கும்போது கறுப்பாகச் சேறுபோல் ஒன்று கல்லின் மீது சேரும். நீர்க்கல்லில் அந்தச் சேறுதான் பாதி வேலையைச் செய்கிறது என்பதால் அதைக் கழுவிவிடாமல், கல் உலர்ந்தால் மட்டும் சில சொட்டு நீர் விடுங்கள்.

எத்தனை முறை தேய்க்க வேண்டும் என்ற கேள்விக்கு எண்ணிக்கையில் விடை இல்லை. பிசிறுதான் விடை. ஒரு பக்கச் சரிவு தேய்ந்து விளிம்பை எட்டியதும், மிக மெல்லிய உலோகப் பிசிறு எதிர்ப்பக்கமாக எழும்பும். அது கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. எதிர்ப்பக்கத்தில் முதுகிலிருந்து விளிம்பை நோக்கிக் கட்டைவிரலை மெல்ல நகர்த்தினால், விளிம்பில் ஏதோ தடுக்குவது போலப் படும். விளிம்பின் நீளவாக்கில் விரலை ஓட்டுவது வெட்டுக்காயத்தில்தான் முடியும் என்பதால் அதை ஒருபோதும் செய்யாதீர்கள். பிடியருகிலிருந்து முனை வரை தொடர்ச்சியாகப் பிசிறு தட்டுப்படும் வரை முதல் பக்கத்தை விடக்கூடாது. எங்கே பிசிறு எழவில்லையோ அங்கே வேலை முடியவில்லை. பலரும் தோற்பது இந்த இடத்தில்தான். பிசிறு எழுவதற்கு முன்பே பக்கத்தை மாற்றிவிடுவதால், அரை மணி நேரம் தேய்த்தும் கத்தி பழையபடியே இருக்கிறது.

பிறகு கத்தியைத் திருப்பி, கூர்ப்பக்கம் அப்பால் பார்க்க வைத்து, இம்முறை உங்களை நோக்கி இழுக்கும்போது அழுத்தம் கொடுத்து, அதேபோல் பிசிறு மறுபக்கம் வரும் வரை தேய்க்க வேண்டும். கரடான பக்கத்தில் தொடங்கியவர்கள் இதே வரிசையை மென்மையான பக்கத்தில் மீண்டும் செய்ய வேண்டும். அங்கே கீறல்களை ஆற்றினாலே போதும் என்பதால் வேலை விரைவில் முடியும்.

எழுந்த பிசிறை நீக்காவிட்டால் கத்தி அப்போதைக்குக் கூராகத் தோன்றி, இரண்டு வெங்காயம் நறுக்குவதற்குள் மழுங்கிவிடும். அழுத்தத்தைப் படிப்படியாகக் குறைத்துக்கொண்டே, பக்கத்துக்கு ஒரு தடவையாக மாற்றி மாற்றி, கல்லிலிருந்து மெல்லிய சீவலை எடுப்பதுபோல் கூர்ப்பக்கம் முன்செல்லும்படி கத்தியை ஓட்டுங்கள். கடைசிச் சில தடவைகளில் கத்தியின் எடை மட்டுமே கல்லின் மீது இருக்க வேண்டும். இறுதியாக, செய்தித்தாளை நான்கைந்து மடிப்பாக மடித்துக் கல்லின் மீது வைத்து, முதுகு முன்செல்லும் திசையில் இரு பக்கமும் சில முறை இழுத்தால் மிஞ்சிய பிசிறும் போய்விடும். பழைய தோல் இடைவாரைச் சொரசொரப்பான பக்கம் மேலே இருக்குமாறு ஒரு மரச்சட்டத்தில் ஒட்டி, அதில் குரோமியம் ஆக்சைடு கலந்த பச்சை மெருகுக் கட்டியைத் தடவி வைத்துக்கொண்டால் இந்த வேலைக்கு இன்னும் சிறப்பாக உதவும். ஆனால் அது விருப்பம் உள்ளவர்களுக்கு மட்டுமே.

செய்தித்தாளின் ஒற்றைத் தாளைத் தொங்கவிட்டு, ஓரத்திலிருந்து கத்தியால் வெட்டிப் பாருங்கள். ஒரே இடத்தில் திரும்பத் திரும்பச் சிக்கினால், அலகின் எந்தப் பகுதி சிக்கியது என்று கவனித்து அந்தப் பகுதியை மட்டும் மீண்டும் கல்லில் காட்டுங்கள்.

கோல்

கல்லில் ஏற்றிய கூரைக் காப்பது கோலின் வேலை. இறைச்சிக் கடைக்காரர்கள் வெட்டுக்கு வெட்டு உரசிக்கொள்ளும் எஃகுக் கோலை எல்லாரும் பார்த்திருப்போம். வீட்டுக்கு வரிவரியாகப் பள்ளம் உள்ள எஃகுக் கோலைவிட வழவழப்பான பீங்கான் கோலே நல்லது. அது விளிம்பை நிமிர்த்துவதோடு மிக மெல்லியதாகத் தேய்க்கவும் செய்கிறது. கோலை அந்தரத்தில் பிடித்துக்கொண்டு கத்தியைச் சுழற்றும் வித்தை வேண்டாம். மடித்த துணியின் மீது கோலின் நுனியை ஊன்றிச் செங்குத்தாகப் பிடித்து, கத்தியை 20 டிகிரி சாய்வில் வைத்து, பிடியருகிலிருந்து முனை வரை மேலிருந்து கீழாக இழுத்து வாருங்கள். பக்கத்துக்கு நான்கைந்து முறை, மாற்றி மாற்றி, கத்தியின் எடையளவே அழுத்தம் கொடுத்துச் செய்தால் போதும். சமைக்கத் தொடங்கும் முன் வாரத்துக்கு இரண்டு மூன்று முறை இப்படிச் செய்தால், கல்லைத் தொடும் தேவை சில மாதங்களுக்கு ஒருமுறைதான் வரும். கடினமான ஜப்பானியக் கத்தியை எஃகுக் கோலில் உரச வேண்டாம், விளிம்பு சில்லாகப் பெயரும். பீங்கான் கோல் இரும்புத் துகள் படிந்து கறுத்துவிட்டால், பாத்திரம் தேய்க்கும் நாரும் தூளும் கொண்டு கழுவினால் பழைய நிலைக்குத் திரும்பும்.

இழுத்துத் தீட்டும் கருவியும் சாணைச் சக்கரமும்

இடுக்கில் கத்தியைச் செருகி இழுக்கும் சிறு கருவி பல வீடுகளில் இருக்கிறது. அதன் உள்ளே இருப்பவை பெரும்பாலும் குறுக்காக வைக்கப்பட்ட, டங்ஸ்டன் கார்பைடு என்னும் மிகக் கடினமான பொருளாலான இரண்டு துண்டுகள். அவை தேய்ப்பதில்லை, உலோகத்தைச் சுரண்டி எடுக்கின்றன. விளிம்பு பிசிறுபிசிறாகக் கிழிந்து, கொஞ்ச நாள் வெட்டிவிட்டு மீண்டும் மழுங்கும். கத்தியும் விரைவாக ஒடுங்கிப்போகும். விலை குறைந்த பிளாஸ்டிக் பிடிக் கத்திக்கும், கைநடுக்கமோ மூட்டுவலியோ உள்ள முதியவர்களுக்கும் அது உதவும் என்பதை மறுக்க முடியாது. நல்ல விலை கொடுத்து வாங்கிய கத்தியை அதனுள் விடாதீர்கள்.

தெருவில் மிதிசக்கரத்தோடு வரும் சாணை பிடிப்பவரிடம் எதைக் கொடுப்பது என்பதிலும் கொஞ்சம் யோசனை வேண்டும். விளிம்பு பெரிதாக உடைந்த கத்தி, இறைச்சி வெட்டும் கனத்த கத்தி, அரிவாள் ஆகியவற்றை வீட்டுக் கல்லில் தேய்த்து முடிக்க ஒரு பகல் போதாது. அவற்றுக்கு அவருடைய சக்கரமே சரி. மெல்லிய கத்தியை உலர்ந்த சக்கரத்தில் வைத்தால் விளிம்பு நொடியில் சூடேறிவிடும். இரும்பு நீலம் பாய்ந்தால் ஏறக்குறைய 300 டிகிரி செல்சியஸ் சூடு ஏறிவிட்டது, அந்த இடத்தில் எஃகின் பதம் போய்விட்டது என்று பொருள். பிறகு எவ்வளவு தீட்டினாலும் கூர் நிற்காது. அவ்வப்போது நீரில் தோய்த்துப் பிடிக்கச் சொன்னால் பெரும்பாலோர் முகம் சுளிக்காமல் செய்து தருவார்கள்.

அரிவாள்மனை

அரிவாள்மனையில் அலகு நிலையாக நிற்பதால், கத்தியைக் கல்லுக்குக் கொண்டுபோகும் முறை இங்கே செல்லாது, கல்லைத்தான் அலகுக்குக் கொண்டுவர வேண்டும். பலகையைத் தரையில் அழுத்தமாக நிறுத்தி, கூர்ப்பக்கத்துக்கு எதிரே உட்காராமல் பக்கவாட்டில் உட்காருங்கள். உள்ளங்கைக்குள் அடங்கும் சிறு கல்லை நீரில் நனைத்து, முதுகிலிருந்து விளிம்பை நோக்கி, விளிம்போடு நின்றுவிடும்படி, அடியிலிருந்து நுனி வரை சிறு சிறு வீச்சுகளாகத் தேய்க்க வேண்டும். விரல்கள் கல்லின் ஓரத்துக்கு வெளியே நீண்டுவிடக் கூடாது. அலகு உட்பக்கமாக வளைந்திருக்கும் இடத்தில் தட்டையான கல் படியாது. அங்கே கல்லின் உருண்ட ஓரத்தையோ, அரிவாள் தீட்ட விற்கப்படும், நடுவில் பருத்து இரு முனையும் ஒடுங்கிய கல்லையோ பயன்படுத்துங்கள். பிசிறு எழும் வரை ஒரு பக்கம், பிறகு மறுபக்கம் என்ற விதி இங்கும் மாறாது. பழைய இரும்பு அலகாக இருந்தால் வேலை முடிந்ததும் உடனே துடைத்து, விரல் நுனியில் தொட்ட எண்ணெயைப் பூசி வைக்காவிட்டால் மறுநாளே துரு படரும். நுனியில் உள்ள தேங்காய்த் துருவியின் பற்களுக்குக் கல் உதவாது. பற்களின் இடைவெளிக்குள் நுழையும் சிறிய அரத்தால் ஒவ்வொரு பள்ளத்தையும் உட்பக்கமிருந்து இரண்டு முறை இழுத்தால் போதும்.

கல்லைப் பேணுதல்

குழி விழுந்த கல்லில் எந்தக் கோணமும் நிற்காது. கல்லின் மேல் பென்சிலால் குறுக்கும் நெடுக்குமாகக் கோடுகள் போட்டு, தட்டையான தரை ஓட்டின் மீது 120 முதல் 220 வரையிலான நீர்த்தாங்கும் உப்புத்தாளை விரித்து, நீர் விட்டுக் கல்லை அதில் தேயுங்கள். கோடுகள் எல்லாம் அழிந்தால் கல் தட்டையாகிவிட்டது. நடுவில் மட்டும் கோடு மிஞ்சியிருந்தால் இன்னும் தேய்க்க வேண்டும். நீர்க்கல்லை ஒவ்வொரு மூன்று நான்கு பயன்பாட்டுக்கும் ஒருமுறை இப்படிச் சமன் செய்துவிட்டால் பெரிய குழி விழ விடாமல் தடுக்கலாம். பயன்படுத்திய பின் கல்லைக் கழுவி, வெயிலில் காயவைக்காமல் நிழலில் காற்றாட நிறுத்தி வைத்து, நன்கு உலர்ந்த பிறகே பெட்டியில் வையுங்கள். ஈரத்தோடு மூடிவைத்த நீர்க்கல்லில் பூஞ்சை பிடிக்கும், கடும் வெயிலில் வைத்த கல்லில் வெடிப்பு விழும்.